திராட்சைக்கு ஆகாத மலை

கம்பம்
12.7.2000

பெறுநர்: அலுவலக எழுத்தர், வெள்ளியோடை எஸ்டேட், பிக்கட்டி வழி, நீலகிரி.

ஐயா,

ஒயினுக்கு ஏற்ற திராட்சை தமிழ்நாட்டில் எங்கெங்கே விளையும் என்று எங்கள் கம்பெனி ஆராய்ந்து வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கு, நிலக்கோட்டை, கோவை மாதம்பட்டி ஆகிய மூன்று பகுதிகளில் வேலை முடிந்துவிட்டது. அடுத்ததாகத் தங்கள் எஸ்டேட்டைப் பார்க்க இருக்கிறோம். அதை விற்கும் எண்ணம் உண்டு என்று உரிமையாளரே எங்களுக்குத் தெரிவித்திருக்கிறார். 1975 முதல் மாதவாரியாகப் பெய்த மழையின் அளவையும், உறைபனி விழுந்த நாட்களையும் தங்கள் மழைப் பதிவேட்டிலிருந்து நகல் எடுத்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செ. கோகிலவாணி,
கள உதவியாளர்

அண்ணே, மேலே இருப்பது ஆபீஸில் தட்டச்சு செய்தது. இது என் கையெழுத்து. உங்களுக்கு எழுதி மூன்று வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதட்டும் என்று அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். "உன் சொந்த ஊர்தானேம்மா" என்று சொல்லிவிட்டார். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

*

வெள்ளியோடை
24.7.2000

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. கேட்ட விவரங்கள் இரண்டு தாள்களில் உள்ளன. மேனேஜர் லிங்கசாமி அவர்கள் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்.

செ. தினகரன்,
எழுத்தர்

அப்பாவுக்கு இருமல் குறையவில்லை. குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பீடியை விடச் சொன்னார்கள். விடவில்லை.

உன் கல்யாணத்துக்கு நான் வராததை நீ மனதில் வைத்திருப்பாய். எனக்குச் சில்வஸ்டரைப் பிடிக்காமல் இல்லை, அவர் வேதக்காரர் என்பதும் காரணம் இல்லை. அம்மா போன பிறகு நீ படிக்க வேண்டும் என்று நான் பத்தாவதோடு நின்றேன். அப்படி இருந்தும், எல்லாம் முடிவான பிறகுதான் எனக்குச் சொன்னாய். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இங்கே நிலைமை நீ பேப்பரில் படிப்பதைவிட மோசம். பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஃபாக்டரி வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓடுகிறது. மூக்கன் மாமா தன் மகளைத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிட்டார். அவளுக்கு வயது பதினான்கு. மற்றவர்கள் உங்கள் கம்பெனியைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். என் மகள் கீர்த்தனா பள்ளிக்கூடத்தில் திராட்சைத் தோட்டம் வரைந்திருக்கிறாள். கொடியைப் பார்த்ததில்லை அல்லவா, பலா மரத்தில் தொங்குவது மாதிரி வரைந்திருக்கிறாள்.

*

கம்பம்
8.8.2000

அண்ணே,

நான் கேட்காமல் முடித்தது தப்புத்தான். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று பயந்தேன். நேரில் வந்தால் இன்னும் சொல்கிறேன். இப்போது வேறு ஒன்று எழுத வேண்டும்.

முதலில் இந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கம்பத்தில் திராட்சைக் கொடிக்கு ஓய்வே கிடையாது. வருஷத்துக்கு இரண்டு கவாத்து, இரண்டு அறுவடை, சில தோட்டத்தில் மூன்றுகூட எடுக்கிறார்கள். கேரள மலையில் கொட்டும் மழை எங்கள் பக்கம் வரும்போது வெறும் காற்றும் தூறலும்தான். பழம் நன்றாக இனிக்கும். ஆனால் ராத்திரியிலும் புழுக்கம் இருப்பதால் பழத்தில் புளிப்பு நிற்பதில்லை. புளிப்பு நிற்காவிட்டால் ஒயின் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருக்கும் என்கிறார் அதிகாரி. நிலக்கோட்டையில் வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் கிணறெல்லாம் வற்றிக் கிடக்கிறது. மாதம்பட்டியில் மலைக்காற்று உண்டு. அங்கே ஆடித் தூறலில் செவட்டை நோய் விழுந்து இலையெல்லாம் கருகிவிடுகிறது. குளிர்ந்த இரவும் காய்ந்த பகலும் ஒரே இடத்தில் வேண்டும், அதிலும் பூ வரும் நேரத்தில் மழை கூடாது. அப்படி ஓர் இடத்தைத்தான் தேடி அலைகிறார்கள்.

நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்ததும் அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். அக்டோபரில் கவாத்து செய்தால் நவம்பரில் பூ வரும். இருபத்தைந்து வருஷமும் உங்கள் நவம்பரில் மழை குறைவு.

1979 நவம்பருக்கு எட்டு இஞ்சு என்று போட்டிருக்கிறீர்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, உங்களுக்குப் பதினாறு. சிலோனிலிருந்து வந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. நான்காம் நம்பர் தேயிலைக் காடு சரிந்து கீழ் லயத்தில் ஆறு வீடுகளை மூடியது. அம்மாவை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். நீங்கள் வாளியால் சேற்றை அள்ளிக்கொண்டே இருந்தீர்கள். போதும் என்று நாலு பேர் பிடித்து இழுத்தும் நீங்கள் நிறுத்தவில்லை.

எட்டு இஞ்சு மழைக்கு மலை இறங்காது, அண்ணே. இந்தத் தாளில் எழுதியது யார்?

*

வெள்ளியோடை
19.8.2000

கோகிலா,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

எழுதியது நான்தான். உன் கடிதத்தை முதலில் பிரித்தவர் லிங்கசாமி சார். பதிவேட்டை எடுத்துவரச் சொல்லிப் புரட்டினார். "ஏனுங்க தினகரன், இந்த நவம்பரப் பாத்தா அவிய வந்த காரத் திருப்பிக்கிட்டுப் போயிருவாங்க. கொஞ்சம் கொறைச்சு எழுதுனா ஆருக்குங்க கெட்டுப்போகுது? நூத்திப் பன்னண்டு குடும்பமுங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆறு மாதமாக அவருக்கும் சம்பளம் வரவில்லை. மனைவியைப் பொள்ளாச்சிக்கு மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ரொட்டியும் டீயுமாக உட்கார்ந்திருக்கிறார்.

ஒவ்வொரு வருஷமாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். பனி விழுந்த நாளையும் குறைத்தேன். எழுபத்தொன்பதுக்கு வந்தபோது பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த ஒன்றை மட்டும் அப்படியே விட்டால் மற்றதெல்லாம் பொய் என்று காட்டிக்கொடுத்துவிடும். திரும்பி உள்ளே வந்து எட்டு என்று எழுதினேன்.

அம்மாவை அந்தத் தாளில் நான் இன்னொரு தரம் புதைத்ததாக நீ நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் அம்மா போய்விட்டாள், இங்கே இருப்பவர்கள் இருக்கிறார்கள். நம் அப்பாவோடு ஒரே கப்பலில் வந்தவர்கள் கூடை தூக்கக் காடில்லாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தேசத்திலிருந்து பெட்டி கட்டி வந்தவர்களை இன்னொரு தரம் எங்கே போகச் சொல்வது?

நீ பொய் எழுத வேண்டாம். நான் அனுப்பியதை அப்படியே மேலே அனுப்பு. நாளைக்கு யாராவது கேட்டால் எஸ்டேட் கொடுத்தது என்று சொல். உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

*

கம்பம்
30.8.2000

அண்ணே,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றைக்கு, அனுப்பிவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். உறைகூட எழுதிவிட்டேன்.

மறுநாள் ஆபீஸில் இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். கிழக்கே பார்த்த சரிவுதான் கொடிக்கு நல்லது, காலை வெயில் முழுசாக விழும் என்று சொல்லி ஒரு காட்டைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். அது நான்காம் நம்பர் காடு. தேயிலையை வேரோடு பிடுங்கிவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி இழுப்பார்களாம். தொழிலாளர்களுக்குப் புது வீடு கட்டவும் இடம் பார்த்துவிட்டார்கள். ரோட்டுக்குப் பக்கம், சமதரை, காலியாகவும் கிடக்கிறது என்றார். அங்கேதான் கீழ் லயம் இருந்தது.

அந்த மண்ணை இப்போது பிடித்துவைத்திருப்பது தேயிலை வேர்தான். இது உங்களுக்கும் தெரியும். நீங்கள் காப்பாற்ற நினைக்கிற அதே ஆட்களைத்தான் அங்கே குடிவைக்கப் போகிறார்கள்.

அறிக்கையை இன்னும் கொடுக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டிருக்கிறேன். சில்வஸ்டர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "காய்ச்சல்னா கஞ்சி வைக்கவா, வேற ஏதாச்சும்னா சொல்லு" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "எங்க ஊரா இருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியல" என்றார்.

என் ஞாபகத்தை அறிக்கையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். மூலப் பதிவேடு வேண்டும். அனுப்புங்கள், அண்ணே. அனுப்பாவிட்டால் உங்கள் தாளையே கொடுத்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. மூக்கன் மாமா மகளை நினைத்தால் கை அந்த உறைக்குத்தான் போகிறது.

*

வெள்ளியோடை
21.9.2000

கோகிலா,

பதினெட்டாம் தேதி உங்கள் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். நீயும் வருவாய் என்று நினைத்தேன். இரண்டு வாரமாக இல்லாத வெயில் அன்றைக்கு அடித்தது. காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் பெண்கள் தீபாவளிக்கு உடுத்துகிற சேலையில் வந்து நின்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை, அவர்களாகவே வந்தார்கள்.

நான்காம் நம்பர் காட்டுக்குப் போகும் வழியில் கண்ணாடி போட்ட ஒருவர் நின்று, "இந்தப் பக்கம் எப்பவாவது மண்ணு சரிஞ்சிருக்கா?" என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். "இல்லைங்க சார்" என்றேன். திரும்பினால் அப்பா என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வழியில் கிடந்த முள்ளை ஒதுக்குவதற்காக எங்கள் கூட வந்திருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பார்வை கீழே அந்தக் காலி இடத்திலேயே இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு எதிரே உட்கார்ந்து அவர் சாப்பிடுவதில்லை. நான் எழுந்துபோன பிறகுதான் தட்டை வாங்குகிறார்.

மறுநாள் மேனேஜர் பழைய பதிவேட்டை அடுப்பில் போடச் சொன்னார். புதுசாக ஒன்று எழுதி வைத்தாகிவிட்டது. போட்டுவிட்டதாகச் சொன்னேன்.

இத்துடன் வருவது அந்தப் பதிவேடுதான். இங்கே தபாலாபீஸில் எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதால், உன் அண்ணிக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லி ஊட்டிக்குப் போய் அனுப்புகிறேன். இதை என்ன செய்வது என்பது இனி உன் பாடு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது என் கையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியக் கூடாது. நான் இங்கேயே இருக்க வேண்டியவன்.

*

கம்பம்
9.10.2000

அண்ணே,

பதிவேடு வந்து சேர்ந்தது. அந்தப் பக்கத்தைத் திறக்க இரண்டு நாள் ஆனது. அப்போது எழுத்தராக இருந்த வேலுசாமி என்பவர் பச்சை மையில் எழுதியிருக்கிறார்: "14ஆம் தேதி, ஒன்பது இஞ்சு. குவளை நிரம்பி வழிந்துவிட்டது. உண்மை அளவு தெரியாது." அந்த மாதத்துக்கு மட்டும் முப்பத்தோரு இஞ்சு.

நகல் எடுத்து அறிக்கையோடு கொடுத்துவிட்டேன். எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். நான் அங்கே வளர்ந்தவள், எனக்கு வழி தெரியும் என்றேன்.

வெள்ளியோடை வேண்டாம் என்று நேற்று முடிவாகிவிட்டது. கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில், கொஞ்சம் உயரமான நிலமாகப் பார்க்கப் போகிறார்கள்.

என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். உடனே எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

*

வெள்ளியோடை
22.12.2000

கோகிலா,

நீ எழுதச் சொல்லி இரண்டு மாதம் ஆகிவிட்டது. எழுதக்கூடாது என்றில்லை. எழுத ஆரம்பித்தால் எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கும் என்றுதான் தள்ளிப்போட்டேன்.

நவம்பர் ஆறாம் தேதி ஃபாக்டரியைப் பூட்டினார்கள். லிங்கசாமி சார் ஒரு சூட்கேஸோடு பொள்ளாச்சிக்குப் போய்விட்டார். போகும்போது என் தோளைத் தட்டினார். நாற்பது குடும்பங்கள் ஒரே வாரத்தில் லாரி பிடித்துத் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் போய்விட்டன. மிச்சம் இருப்பவர்கள் பிக்கட்டியில் கேரட் பிடுங்கப் போகிறார்கள், வேலை இருக்கும் நாளில். நானும் போகிறேன். குனிந்து குனிந்து முதுகு நிமிர மறுக்கிறது.

இந்த வருஷம் நவம்பரில் மழை ஏமாற்றிவிட்டது. மாதம் முழுக்க நாலு இஞ்சு. நான்காம் நம்பர் காடு ஒரு கல்கூட உருளாமல் நிற்கிறது. ராசு டீக்கடையில் மூக்கன் மாமா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "எந்த மழைடா நம்மளக் கொல்லும்னு ஒந் தங்கச்சி எழுதிக் குடுத்தா?"

"ஒந் தங்கச்சி" என்று அவர் சொன்னார் பார், அதற்குக் காரணம் நான். பூட்டிய மறுநாள் லயமே எங்கள் வாசலில் வந்து நின்றது. பழைய கணக்கு கம்பெனிக்கு எப்படிப் போனது என்று கேட்டார்கள். கீர்த்தனா என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். உன் பெயரைச் சொல்லிவிட்டேன். சின்ன வயதில் பார்த்ததையெல்லாம் நீ அவர்களிடம் சொல்லிவிட்டாய் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அதான் புருஷன் ஊருக்கே தோட்டத்தக் கொண்டு போயிட்டா" என்று யாரோ சொன்னார்கள். நான் ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினேன்.

அப்பா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் உன் பெயரைச் சொல்வதில்லை.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய் என்று உன் அண்ணி சொன்னாள். வராதே.

*

கம்பம்
3.1.2001

அண்ணே,

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. சில்வஸ்டரிடம் காட்டவில்லை. கம்பெனி வாங்கிய நிலம் எங்கள் திராட்சைத் தோட்டத்திலிருந்து பத்து மைல் தள்ளி இருக்கிறது. அவருக்கு அதில் ஒரு கொடிகூடக் கிடையாது. இதை இப்போது நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நவம்பர் முழுக்கத் தினமும் பேப்பரில் நீலகிரியில் எவ்வளவு மழை என்றுதான் முதலில் பார்த்தேன். பெய்யவில்லை, பெய்யவில்லை என்றே போட்டிருந்தான். சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது, அண்ணே. நான் சொன்னது சரி என்று காட்டுவதற்காக அந்த மலை கொஞ்சமாவது சரியக் கூடாதா என்று என் மனசு காத்திருந்திருக்கிறது.

அதனால் நீங்கள் செய்ததைப் பெரிதாகப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் பழி என் பெயரிலேயே இருக்கட்டும். நீங்கள் அந்த டீக்கடைக்குப் போக வேண்டும், கீர்த்தனா அந்தப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போக வேண்டும். நான் தூரத்தில் இருப்பவள். என்னை வைதால் அது இங்கே கேட்காது.

ஆனால் அப்பாவிடம் மட்டும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். அவர் என்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டு இருப்பதை மட்டும் என்னால் சுமக்க முடியாது.

*

வெள்ளியோடை
17.1.2001

கோகிலா,

பொங்கலுக்கு மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். தாளில் மாற்றியது, பதிவேட்டை உனக்கு அனுப்பியது, வாசலில் உன்னை மாட்டிவிட்டது எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "அந்தக் கண்ணாடிக்காரன் கேட்டப்ப நானுந்தானே வாயப் பொத்திக்கிட்டு நின்னேன்" என்றார். பிறகு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ராசு கடைக்குக் கிளம்பினார். எனக்குப் பயமாக இருந்தது. பின்னாலேயே போனேன்.

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அப்பா டீ வாங்கி உட்கார்ந்ததும் மூக்கன் மாமா தொடங்கினார். "என்னண்ணே, கம்பத்துல ஒம் மகளுக்கு இந்த வருஷம் பொங்கலு நல்லாப் பொங்கியிருக்குமே."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "அவளா எழுதல மூக்கா. நாந்தான் எழுதச் சொன்னேன்" என்றார்.

இருமல் வந்து அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவர் இருமி முடிக்கும்வரை யாரும் அசையவில்லை. நான் வாசலிலேயே நின்றிருந்தேன், உள்ளேகூடப் போகவில்லை. அப்படியே திரும்பி வந்திருக்கலாம். ஏனோ வாய் திறந்துவிட்டது. "அப்பா இல்ல மாமா. பதிவேட்டைக் குடுத்தது நான்" என்றேன்.

மூக்கன் மாமா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க வீட்ல எத்தன பேருடா எழுதுனீங்க?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. ராசு, ஆறிப்போன டீயை எடுத்துக் கொட்டிவிட்டு அப்பாவுக்கு வேறு டீ போட்டுக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. மூக்கன் மாமா எழுந்து என்னைத் தாண்டித்தான் போனார், எதுவும் பேசவில்லை. நேற்றுக் கேரட் காட்டிலும் பேசவில்லை. ஆனால் நான் நின்ற வரிசையை விட்டு அவர் விலகிப் போகவும் இல்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு கோயமுத்தூர் வந்து கம்பம் பஸ் பிடிக்கிறேன். அப்பா உன்னோடு கொஞ்ச நாள் இருக்கட்டும், அந்த ஊர் வெயில் இருமலுக்கு நல்லது. நான் ஒரு நாள்தான் தங்குவேன். சில்வஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவை. அவர் வீட்டு வாசலில் நின்று என்ன பேசுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தினகரன்